வியாழக்கிழமை கடைசிப் பீரியட்

ஞாயிற்றுக்கிழமை மாலைதான் கணக்கு டீச்சரை வழியனுப்பிவிட்டு வந்திருந்தார். திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, அவருக்கே ஒரு வகுப்பைப் போட்டுக் கொடுத்தார். உலகத்தில் எத்தனையோ மறதிக்காரர்கள் உண்டு. ஆனால் செத்துப்போன மனுஷியை வேலைக்கு அனுப்பியவர், எனக்குத் தெரிந்து, அந்தப் பள்ளிக்கூடத்தின் துணைத் தலைமை ஆசிரியர் ஒருவர்தான்.

விஷயம் இப்படி. ஓர் ஆசிரியர் லீவு போட்டால் அவருடைய வகுப்புக்கு, அந்த நேரத்தில் சும்மா இருக்கும் இன்னோர் ஆசிரியர் போக வேண்டும். யார் போவது என்று காலையில் ஒரு நீள நோட்டில் எழுதுவார்கள். சப்ஸ்டிடியூஷன் நோட்டு என்று அதற்குப் பெயர். வராதவர், வகுப்பு, பீரியட், போகிறவர், கையெழுத்து என்று ஐந்து கட்டங்கள். அட்டெண்டர் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போவார். பெயர் இருப்பவர்கள் மூக்கால் அழுதுகொண்டே கையெழுத்துப் போடுவார்கள். பதினொரு வருஷமாக அந்த நோட்டை எழுதுவது துணைத் தலைமைதான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே டைம்டேபிள்.

அன்றைக்கு வராதவர் கட்டத்தில் கணக்கு டீச்சரின் பெயரை எழுதும்போது அவருக்குக் கண் கலங்கத்தான் செய்தது. அதை மறுக்க முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு பீரியடுக்கு ஆள் போட்டார். ஆறாவது பீரியடுக்கு யாரைப் போடலாம் என்று யோசித்தார். யோசனை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே கை இந்தப் பக்கம் எழுதி முடித்துவிட்டது. வராதவர், கணக்கு டீச்சர். போகிறவர், கணக்கு டீச்சர்.

நோட்டு ஆசிரியர் அறையைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

"சார், ஆறாவது பீரியடுக்குக் கையெழுத்து வாங்க முடியல," என்றார் அட்டெண்டர் அக்கா.

"ஏன், யாரு தகராறு பண்றது?"

"தகராறு ஒண்ணும் இல்ல சார். யார்கிட்ட வாங்குறதுன்னு தெரியல."

நோட்டைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பத்தொன்பது ஆசிரியர்கள் அதைப் படித்திருக்கிறார்கள், படித்துவிட்டுப் பேசாமல் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவராவது கேலி செய்திருந்தால், திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அன்று பூராவும் ஆசிரியர் அறைப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை.

கை ஏன் அப்படி எழுதியது என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. வரலாறு சாருக்கு மதியத்துக்கு மேல் ஒற்றைத் தலைவலி வரும், அதுவும் நோட்டைப் பார்த்ததும் வரும். டிராயிங் டீச்சருக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொருவருக்கு எப்போது பார்த்தாலும் பாங்கில் வேலை. இவர்களோடு மல்லுக்கட்டி, சமாதானம் சொல்லி, எரிச்சலைச் சம்பாதிப்பதற்குப் பதில், கணக்கு டீச்சர் பெயரை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அந்த அம்மாள் வாயைத் திறக்க மாட்டார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போகிற இடத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டும் வர மாட்டார். எந்த வகுப்பானாலும் பின்தங்கின நாலு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். இப்படி ஒருவர் கையில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள். கிள்ளுக்கீரை என்று மட்டும் யாரும் வெளியே சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை ஹெச்.எம். அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"வெள்ளிக்கிழமை மதியம் இரங்கல் கூட்டம் வச்சிருக்கோம் சார். டீச்சரோட வீட்டுக்காரர் வர்றார். நீங்க கடைசியாப் பேசுங்க. இருபது வருஷம் கூட வேலை பார்த்தவர், நீங்க பேசினாத்தான் நல்லா இருக்கும்."

"சரிங்க மேடம்."

"'மாட்டேன்'னு ஒரு நாளும் சொல்லாதவங்க. அதை அழுத்தமாச் சொல்லுங்க. வீட்ல போய் ஒரு நல்ல போட்டோவும் வாங்கிட்டு வந்துடுங்க."

அன்று மாலையே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். எழுத்தில் மனுஷர் கெட்டிக்காரர். 'மாட்டேன் என்ற சொல்லே அவர் அகராதியில் இல்லை' என்று ஒரு வரி வந்து விழுந்ததும் அவருக்கே பிடித்துப்போனது. ஒன்றுக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் போட்டோ வாங்கப் போனார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறி முடிப்பதற்குள் அவருக்கே இரைத்தது. கதவைத் திறந்தவர் டீச்சரின் கணவர். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். மகள் வந்திருந்து அன்று காலைதான் தன் ஊருக்குத் திரும்பியிருந்தாள். சாப்பாட்டு மேசையில் எட்டாம் வகுப்புப் பரீட்சைத் தாள்கள் கட்டாக இருந்தன. பாதிக் கட்டு திருத்தியிருந்தது, மீதிப் பாதியின் மேல் சிவப்புப் பேனா மூடி திறந்தபடி கிடந்தது.

"இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க சார். பசங்க மார்க்குக்குக் காத்துக்கிட்டிருக்கும்," என்றார் டிரைவர்.

போட்டோவைக் கொடுத்தார். டீ போட்டுக் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் சார். வியாழக்கிழமை கடைசி பீரியட் அவளுக்கு ஃப்ரீதானே?"

"ஆமாங்க. வருஷ ஆரம்பத்துலேயே கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"அவளும் அதான் சொன்னா. 'சார் ஃப்ரீயாத்தான் குடுத்திருக்கார், பசங்க சும்மா உக்காந்திருக்காங்களேன்னு நான்தான் கேட்டு வாங்கிட்டுப் போறேன்'னா. அந்த ஹார்ட் டாக்டர் வாரத்துல வியாழக்கிழமை மட்டும்தான் வருவார் சார். மூணுலேர்ந்து நாலு வரைக்கும்தான். அஞ்சு வாரம் சீட்டு வாங்கி வச்சேன். அஞ்சு வாரமும் 'கிளாஸ் இருந்துச்சு, கிளாஸ் இருந்துச்சு'ன்னு வந்து நிக்கிறா."

துணைத் தலைமை டீயைக் கீழே வைத்தார்.

"யாராவது அவளைப் பிடிச்சுத் தள்ளி அனுப்புறாங்கன்னா நான் அங்கேயே வந்து ஒரு கை பார்த்திருப்பேன். இவளாப் போறாளே, என்ன பண்ண? போன வியாழக்கிழமை எனக்கு வந்துச்சே கோவம். 'உனக்குப் புருஷன் வேண்டாம், பெத்த பொண்ணு வேண்டாம், எவன் பெத்த புள்ளைங்களோ அதுங்கதான் வேணும்'னு கத்திட்டேன். வெள்ளி, சனி ரெண்டு நாளும் ஒரு வார்த்தை பேசல. ஞாயித்துக்கிழமை காலையில எழுப்பினா, எழுந்திருக்கல."

மேசையில் திறந்து கிடந்த சிவப்புப் பேனாவை டிரைவர் எடுத்து மூடினார்.

"இன்னும் கோவமாத்தான் சார் இருக்கு. செத்தவ மேல கோவப்படக் கூடாதுன்னு தெரியுது. ஆனா இருக்கு. என்னை வேண்டாம்னுட்டுப் போயிட்டாளேன்னு இருக்கு."

இந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றே ஒன்று. 'அவங்களாப் போகலைங்க, நான்தான் அனுப்பினேன்.' குழந்தைகூடச் சொல்லிவிடும். நம்முடைய துணைத் தலைமை என்ன சொன்னார் தெரியுமா? "ரொம்ப நல்லவங்க" என்றார். சொல்லிவிட்டுப் போட்டோவையும் பரீட்சைத் தாள்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு, மூன்று மாடியும் திருடனைப் போல இறங்கி வந்தார்.

வீட்டில் மனைவியிடம் பாதியைச் சொன்னார். அந்த அம்மாள் மீதிப் பாதியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டார். முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவருக்கு அதுகூடத் தெரியாதா.

"அப்ப அந்த மனுஷன் சாகுற வரைக்கும் பொண்டாட்டியைத் தப்பா நினைச்சுக்கிட்டே கிடக்கட்டும், அப்படித்தானே?"

"நான் என்ன வேணும்னா பண்ணினேன்? ஆள் இல்லாம இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்னா? இருந்துச்சா, இல்லையா?"

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக நோட்டை எடுத்துப் புரட்டினார். ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டால் போதும், நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று பார்த்தார். ஐந்து வியாழக்கிழமைகள். ஐந்திலும் கடைசிப் பீரியடுக்கு எதிரில் அவருடைய குண்டு குண்டான எழுத்தில் அதே பெயர். வருஷ ஆரம்பத்தில் டீச்சருக்கென்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவரும் அவர்தான். காலிக் கட்டத்தைக் கண்டதும் வாரா வாரம் அதில் ஆளைத் தள்ளியவரும் அவர்தான். எதற்காகக் காலியாக விட்டோம் என்பது இரண்டாவது வாரமே மறந்துபோயிருந்தது.

போன வியாழக்கிழமையை எடுத்துக்கொண்டு டைம்டேபிளோடு வைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் வேறு யாரெல்லாம் சும்மா இருந்தார்கள்? வரலாறு சார். டிராயிங் டீச்சர். மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. அது அவருடைய சொந்தப் பெயர்.

அன்று மூன்று மணியிலிருந்து மூன்றே முக்கால் வரை அவர் இதே அறையில்தான் இருந்தார். இரண்டாவது டீ குடித்தார். அடுத்த மாசத்துப் பரீட்சை அட்டவணைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். அதுவும் கோடு கோணலாகப் போய் இரண்டு தடவை அழித்துப் போட்டார். பி.டி. மாஸ்டர் லீவு, ஒன்பதாம் வகுப்புக்கு அது விளையாட்டுப் பீரியட். மைதானத்து ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு யார் உட்கார்ந்திருந்தாலும் போதும். அவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இது நினைவு வந்ததும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்னொன்றும் நினைவு வந்தது. அந்த வியாழக்கிழமை காலை நோட்டு வழக்கம்போல ஆசிரியர் அறைக்குப் போய்க் கையெழுத்தாகித் திரும்பவில்லை. டீச்சரே நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய மேசைக்கு வந்தார். அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். "சார், இன்னைக்கு மட்டும் கடைசிப் பீரியட் வேண்டாம் சார். டாக்டரைப் பார்க்கணும்," என்றார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வகுப்பு வேண்டாம் என்று கேட்டார். கேட்டும், கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் கூட்ட அரங்கு நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் தரையில், ஆசிரியர்கள் ஓரத்து பெஞ்சுகளில், முன்வரிசை நாற்காலியில் டிரைவர் தனியாக. கசங்காத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மேடையில் டீச்சரின் போட்டோ.

ஹெச்.எம். அம்மா பேசினார். எந்த வேலை கொடுத்தாலும் மாட்டேன் என்று சொன்னதில்லை என்றார். டிராயிங் டீச்சர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "எனக்காக எத்தனையோ தடவை அவங்க போயிருக்காங்க, மாட்டேன்னு சொன்னதே இல்ல," என்று அழுதார். வரலாறு சார், தன்னையே மெழுகுவர்த்தியாக உருக்கிக்கொண்டவர் என்றார். அவருக்குத் தலைவலி இல்லாத மதியம் அது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்களுக்காக அவங்க உடம்பைக்கூடப் பார்க்கல," என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தாள்.

ஒவ்வொருவரும் புகழப் புகழ, முன்வரிசையில் அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போனது. துணைத் தலைமை அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் துக்கம் என்று நினைத்தார்கள். அது என்னவென்று அந்த அரங்கில் தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான். ஒவ்வொரு பாராட்டும் அந்த மனுஷரிடம் போய், ஆமாம், உன்னைவிட இதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் முறை வந்தது. காகிதத்தைப் பிரித்தார். அகராதி வரி மேலேயே இருந்தது. படிக்க வாய் வரவில்லை. காகிதத்தை மடித்தார்.

"மாட்டேன்னு சொன்னதே இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க. அது சரியில்ல. ஒரு தடவை சொன்னாங்க. போன வாரம், வியாழக்கிழமை. டாக்டர்கிட்டப் போகணும், இன்னைக்கு கிளாஸ் வேண்டாம்னு என் மேசைக்கு வந்து கேட்டாங்க. நான் விடல. அதுக்கு முன்னாடி நாலு வாரமும் அவங்களாக் கேட்டு வாங்கிட்டுப் போகல. நான்தான் அனுப்பினேன்."

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். அரங்கில் ஒரு சத்தமில்லை. அந்த அமைதியை இவரால் தாங்க முடியவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாரா?

"வேற ஆள் இல்லாததால அப்படி ஆயிடுச்சு," என்றார்.

இந்த ஐந்து வார்த்தைகளுக்காக அவரை நான் மன்னிப்பதாக இல்லை. ஓரத்து பெஞ்சில் வரலாறு சாரும் டிராயிங் டீச்சரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். "என்னை மன்னிச்சுடுங்க," என்று போட்டோவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுக் கீழே இறங்கினார். யாரோ ஒருவர் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். அப்புறம் பிள்ளைகள், ஆசிரியர்கள் என்று அரங்கே அதிர்ந்தது. நன்றி சொல்ல எழுந்த ஹெச்.எம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சூழ்நிலையால நடந்ததுக்கும் பழியைத் தன் தலையில போட்டுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? பெரிய மனசு சாருக்கு," என்றார். மறுபடியும் கைதட்டல். டீச்சருக்குக்கூட அன்று அவ்வளவு தட்டவில்லை. இவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் இரண்டு கைகள் மட்டும் முழங்காலில் அப்படியே இருந்தன.

கூட்டம் கலைந்ததும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கதவைத் தட்டிவிட்டு டிரைவர் உள்ளே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று இவர் எழுந்து நின்றார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது.

"அவ கேட்டாளா சார்?" என்றார் டிரைவர்.

"கேட்டாங்க."

"எங்க நின்னு கேட்டா?"

"இங்கதான். இந்த மேசைகிட்ட."

டிரைவர் அந்த இடத்தைப் பார்த்தார். "என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னார். 'சார், இன்னைக்கு மட்டும் கடைசிப் பீரியட் வேண்டாம் சார். டாக்டரைப் பார்க்கணும்.' டிரைவர் உதட்டை அசைத்து ஒரு தடவை அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். முகம் கொஞ்சம் தளர்ந்தது. போகணும்னு நினைச்சிருக்கா, என்று முணுமுணுத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆளே இல்லையா சார் அன்னைக்கு?"

துணைத் தலைமை ஜன்னலைப் பார்த்தார். வெளியே மைதானம் காலியாக இருந்தது.

"இருந்தாங்க. மூணு பேர் சும்மா இருந்தோம். அதுல நான் ஒருத்தன். மேடையில பொய் சொன்னேன்."

டிரைவர் தலையை ஆட்டினார். தெரிந்ததைத்தான் கேட்டவர்போல இருந்தது அது.

"அவ கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

இதைச் சொல்லாமல் எப்படியாவது தப்பித்துவிடலாம் என்றுதான் இரண்டு நாளாகப் பார்த்தார். மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"'டீச்சர், உங்களுக்கே உடம்புக்கு வந்துட்டா நாங்கெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே குடித்தனம் வைக்க வேண்டியதுதான்'னு சொன்னேன். சும்மா, விளையாட்டுக்கு. எல்லாரும் சிரிச்சாங்க."

"அவ?"

"அவங்களும் சிரிச்சாங்க. நல்லாவே சிரிச்சாங்க. அதான் நான் பெருசா எடுத்துக்கல. அவசரமா இருந்தா சிரிச்சிருக்க மாட்டாங்களேன்னு..."

டிரைவர் அவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"பயம் வந்தா அவ சிரிப்பா சார். கல்யாணமான புதுசுலேர்ந்தே அப்படித்தான். இருபது வருஷம் கூட வேலை பார்த்திருக்கீங்களே, அதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாதுங்க," என்றார் துணைத் தலைமை.